விருந்தாளியும் அன்றாடமும்

தமிழில் பயணம் பற்றி எழுதுகிறவர்களிடம் நெடுநாளாக ஒரு வாய்பாடு இருந்துவருகிறது. விமானம் இறங்குகிறது, சாலை சுத்தமாக இருக்கிறது, ரயில் நிமிஷம் பிசகாமல் வருகிறது, யாரோ ஒரு கிழவி வழி காட்டுகிறாள், கடைசியில் 'நம் நாட்டில் என்றைக்கு இப்படி' என்று ஒரு பெருமூச்சு. மணியன் விகடனில் 'இதயம் பேசுகிறது' எழுதிய காலத்திலிருந்து ஊர்கள் மாறியிருக்கின்றன, பத்திரிகைகள் மாறியிருக்கின்றன, பெருமூச்சு மட்டும் அதே நீளத்தில் இருக்கிறது. ஜெர்மன் ரயில்கள் இப்போதெல்லாம் நேரத்துக்கு வருவதில்லை என்பது ஜெர்மானியர்களின் தினசரிப் புலம்பல். நம் பயணக்காரர் காதில் அது விழுவதே இல்லை.

இவர்கள் பொய் எழுதுகிறார்கள் என்பதல்ல என் புகார். 'கருங்கடலும் கலைக்கடலும்' எழுதிய ஜானகிராமனைப் போல் காதும் கண்ணும் உள்ளவர்களும் இந்த வரிசையில் உண்டு. ஆனால் கலைஞரானாலும் கட்டுரை வியாபாரியானாலும் போனவர் போன இடத்தில் விருந்தாளி. விருந்தாளியால் ஒரு சமூகத்தின் அன்றாடத்தைப் பார்க்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

முடியாது என்றே நினைக்கிறேன். பத்து நாள் போதாது, பத்து மாதம் வேண்டும் என்ற அர்த்தத்தில் அல்ல. விருந்தாளி வாசலில் கால் வைத்த அந்தக் கணத்தில் அந்த வீட்டின் அன்றாடம் நின்றுபோகிறது. நம் வீடுகளில் நடப்பதுதான். பழைய சோற்றுப் பானை உள்ளே போகிறது. கொடியில் கிடக்கும் துணி எடுக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு அன்று அடி விழாது. வட்டிக்காரன் வந்தால் அப்பா தெருமுனைவரை நடத்திக்கொண்டு போய்ப் பேசி அனுப்புகிறார். விருந்து என்ற சொல்லுக்கே முதல் பொருள் புதுமைதான். தொல்காப்பியம் அதை ஒருவகைப் புதிய யாப்புக்குப் பெயராக வைத்திருக்கிறது. வந்தவன் புதியவன் என்பதால் வீடும் அவனுக்காகப் புதிதாகிக் காட்டுகிறது. அவன் பார்த்துவிட்டுப் போய் 'அந்த வீட்டில் தினமும் இப்படித்தான்' என்று எழுதுகிறான்.

நானும் ஒரு முறை விருந்தாளியாகப் போனவன். ரூர் பிரதேசத்தில் டோர்ட்முண்ட் நகரில், இப்போது அறுபதை எட்டும் ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் பத்து நாள். அவர் தங்கை மதுரையை ஒட்டிய ஓர் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறார். அவருக்கு அனுப்பும் புத்தகங்களும் மருந்தும் என் முகவரிக்கு வந்து, நான் கொண்டுபோய்க் கொடுத்ததில் ஏற்பட்ட பழக்கம். விசாவுக்காக நண்பர் அங்கே ஓர் அலுவலகத்துக்குச் சம்பளச் சீட்டோடு போய், இந்த மனிதன் எங்கள் நாட்டில் இருக்கும்வரை சோறு, இருப்பிடம், வைத்தியம், தேவைப்பட்டால் திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதற்குக் கட்டணம் 29 யூரோ. வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு இந்தக் காகிதம் புரியாமல் போகாது. இது ஜாமீன் பத்திரம். நான் அவர் வீட்டு விருந்தாளி என்பதற்கு ஒரு ஜாமீன்தாரர் இருந்தார், அவரேதான் விருந்தளிப்பவர்.

பத்து நாளும் அவர் விடுப்பில் இருந்தார். 'தம்பி, நீங்கள் நிக்கிற பத்து நாளும் எங்களுக்குப் பெருநாள். நான் எப்பவும் இப்பிடிச் சும்மா இருக்கிற ஆளெண்டு நினைச்சிடாதேங்கோ' என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் வேலை செய்யும் கிடங்கை நான் பார்க்கவில்லை; அதிகாலை மூன்றரை மணிக்கு அவர் எழுவதைப் பார்க்கவில்லை. எனக்குக் காட்டப்பட்டது புட்டு, மீன் குழம்பு, பிறகு ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில். 2002-ல் குடமுழுக்கு நடந்த கோபுரம், தொழிற்சாலைகளுக்கு நடுவில் நிற்கிறது. மதுரையிலிருந்து போனவனுக்குக் கோபுரம் காட்டியதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விருந்தாளிக்கு எதைக் காட்டுவது என்ற பிரச்சினை எல்லா ஊரிலும் இப்படித்தான் தீர்கிறது.

ஆக, ஜெர்மன் அன்றாடம் எனக்குத் தெரிந்ததெல்லாம் விருந்தின் இடுக்கு வழியாகத்தான். ஞாயிற்றுக்கிழமை பால் தீர்ந்தது, கடை இல்லை. ஞாயிறு ஓய்வு நாள் என்பது அங்கே அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 1919-ன் வைமார் சட்டத்தில் எழுதியதை 1949-ல் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். காலி பாட்டிலை நான் குப்பைக் கூடையில் போடப் போனபோது நண்பரின் மகள் கையைப் பிடித்தாள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், கடையில் உள்ள இயந்திரத்தின் வாயில் திணித்தால் சீட்டு வரும். இரவு பத்து மணிக்கு மேல் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடக் கூடாது. நண்பர் குத்தகைக்கு எடுத்திருக்கும் சிறு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது 1983-ன் சட்டம். அதில் மூன்றில் ஒரு பங்காவது காய்கனி போட வேண்டும்; முழுக்கப் புல்லை வளர்த்துவிட்டு நாற்காலி போட்டுச் சாய்ந்திருக்க முடியாது. கத்தரிக்காய் பயிரிடுவது சட்டபூர்வமான கடமையாகிவிட்ட யாழ்ப்பாணத்தானை அங்கேதான் பார்த்தேன்.

சுரங்க ரயிலுக்குள் போகத் தடுப்புக் கதவு கிடையாது. டிக்கெட் வாங்கியவனும் வாங்காதவனும் ஒரே மாதிரி நடந்து போகலாம். இதைத்தான் நம் பயணக்காரர்கள் 'மனிதன் மேல் நம்பிக்கை' என்று நெகிழ்ந்து எழுதுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பிடிபட்டால் 60 யூரோ. எப்போதாவது ஒரு நாள் பிடிபடுவாய். எங்கள் கிளையில் பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் அறத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒரு நள்ளிரவு இந்த முடிவு கொஞ்சம் ஆடியது. கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தெருவில் ஒரு வண்டி இல்லை, ஓர் ஆள் இல்லை. பாதசாரிக்குச் சிவப்பு விளக்கு. நண்பர் நின்றார். காளவாசல் சந்திப்பில், மேலே பாலம் வந்த பிறகும் கீழே நான்கு திசையிலும் ஒரே சமயத்தில் புறப்படுகிறவர்களில் ஒருவனான எனக்கு இது கேலிக்கூத்தாகப் பட்டது. ஏன் என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நில்லுங்கள் என்று அங்கே சில விளக்குக் கம்பங்களில் எழுதி வைத்திருப்பார்களாம். 'இப்ப பிள்ளை ஒண்டும் இல்லைத்தான். ஆனா ஜன்னலுக்குள்ள நிண்டு பாக்கலாம்தானே' என்றார். போலீஸ்காரன் பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு குழந்தையை உத்தேசித்து நிற்பது பயமா, பழக்கமா, அறமா? பழக்கம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் தெரியாதவனுக்காக நிற்கும் பழக்கம் நம்மிடம் இல்லை என்பதையும் உடனே சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்முடையதெல்லாம் தெரிந்தவருக்காக. வங்கியில் தெரிந்தவர் வந்தால் பக்கவாட்டுக் கதவு திறக்கிறது, நாற்காலி வருகிறது, டீ வருகிறது. வரிசையில் நிற்கும் தெரியாதவன் அந்த டீ ஆறும்வரை நிற்கிறான். நம் அன்புக்கு எப்போதும் ஒரு முகம் தேவைப்படுகிறது. முகமில்லாதவனுக்கு நம்மிடம் எதுவுமில்லை.

இங்கே கான்ட்டைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கோனிக்ஸ்பெர்க் வட்டாரத்தைத் தாண்டிப் போகாத மனிதர். (அந்த ஊர் இன்று கலினின்கிராட், ரஷ்யாவில் இருக்கிறது. அவர் நகரவில்லை, தேசம் நகர்ந்துவிட்டது.) பயண நூல்களைப் படித்தே பூகோளம் கற்பித்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு நண்பர்கள் இல்லாமல் உட்காரப் பிடிக்காதவர். 1795-ல் நிரந்தர சமாதானம் பற்றி எழுதிய சிறு நூலில் விருந்தோம்பலைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அது கருணையின் விஷயமல்ல, உரிமையின் விஷயம் என்று ஆரம்பிக்கிறார். பூமி உருண்டை, மனிதர்கள் அதன்மேல் எல்லையில்லாமல் சிதறிப் போக முடியாது, எங்காவது ஒருவரை ஒருவர் சகித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே யாரும் எங்கும் போய் வாசலில் நிற்கலாம், அவனை விரோதியாக நடத்தக் கூடாது. இது வருகை உரிமை. விருந்தாளியாகத் தங்கும் உரிமை வேறு. அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். வந்தவனைத் திருப்பி அனுப்பலாம், அதனால் அவன் அழிந்துபோக மாட்டான் என்றால் மட்டும்.

இதைப் படிக்கும் தமிழனுக்கு முதலில் ஏமாற்றம்தான். இவ்வளவுதானா? நம் மரபில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. முகம் வாடாமல் உபசரிப்பது வரை சொல்லியிருக்கிறது. இந்த மனிதரோ வாசல்வரைதான் வருகிறார். ஆனால் அந்தக் குறைச்சலில்தான் விஷயம் இருக்கிறது. உபசரிப்பவனின் மனநிலையைச் சார்ந்திருப்பது வந்தவனின் உரிமையாக முடியாது. முகம் வாடினால் கதவு சாத்தப்படும்.

நண்பர் 1985-ல் கான்ட் சொன்ன அந்த வாசலில் நின்றவர். அந்நாட்களில் இலங்கைத் தமிழர் பலர் போன வழி அது. விமானத்தில் கிழக்கு பெர்லின், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் மேற்கு பெர்லின். நகருக்குள் ஓடிய அந்தக் கோட்டைத் தேசத்தின் எல்லையாக மேற்கு ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் பார்க்க ஆள் இல்லை. சித்தாந்தச் சண்டையில் விட்டுப்போன ஓர் ஓட்டை. அதே ஆண்டில் இரு அரசுகளும் பேசி அதை அடைத்தன. நண்பர் அதற்குச் சில வாரம் முந்தி வந்தவர்.

அதன் பிறகு அவர் வாழ்க்கைக்கு இரண்டு ஜெர்மன் சொற்கள் கிடைத்தன. ஒன்று 'டுல்டுங்'. பொறுத்துக்கொள்ளுதல் என்று அர்த்தம். உன்னை ஏற்கவில்லை, ஆனால் இப்போதைக்கு வெளியேற்றவும் இல்லை என்று சொல்லும் காகிதம். சில மாதத்துக்கு ஒரு முறை முத்திரை வாங்க வேண்டும். மற்றது 1982-ன் அகதிச் சட்டத்தோடு வந்தது. மனுப் போட்டவன் தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்து ஊரில் இருக்கும் சிநேகிதனைப் பார்க்க வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் முதலில் அபராதம், மறுபடியும் பிடிபட்டால் குற்றவழக்கு. கான்ட்டின் தேசத்தில் வருகையே குற்றமாகியிருந்தது! சட்டம் இப்போது மிகவும் தளர்ந்திருக்கிறது, பெரும்பாலோருக்கு முதல் மூன்று மாதம்தான். ஆனால் நண்பருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 1988-ல் ஹேர்ண் நகரில் புலம்பெயர்ந்தவர்கள் இலக்கியச் சந்திப்பைத் தொடங்கினார்கள். அந்த ஒரு பகல் கூட்டத்துக்காகத் தான் மாவட்ட எல்லையைத் தாண்டிய கதையை நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். கவிதை கேட்பதற்காகச் சட்டம் மீறியவர் என்று நம் வட்டத்தில் யாரைச் சொல்ல முடியும்? நாம் பஸ் வசதி சரியில்லை என்று கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடுகிறவர்கள்.

யாழ்ப்பாணத் தமிழில் ஒரு நுட்பம் இருக்கிறது. தற்காலிகமாகத் தங்குவதற்கு 'நிற்கிறது' என்பார்கள், வசிப்பதற்கு 'இருக்கிறது'. 'எத்தினை நாள் நிக்கிறியள்?' என்று கேட்டால் மதுரைக்காரன் முதலில் காலைப் பார்த்துக்கொள்வான். நண்பரிடம் கேட்டேன்: ஜெர்மனியில் நிக்கிறன் என்பது எப்போது இருக்கிறன் என்று மாறியது? குடியுரிமை வந்த அன்றைக்கா என்று உதவிக்கு ஒரு பதிலையும் கொடுத்தேன். அவர் யோசிக்கவே இல்லை. தொண்ணூறுகளில் ஒரு வாடகை வீடு. அந்தப் பக்கத்து அடுக்கு வீடுகளில் படிக்கட்டும் நடையும் கழுவுவது வாரம் ஒரு வீட்டின் முறை. முறை வந்தால் கதவில் ஓர் அட்டை தொங்கும். ஒரு வாரம் இவர் கழுவவில்லை. கீழ்வீட்டுக் கிழவி மணியை அடித்து, கதவு திறந்ததும் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். அகதி, அந்நியன், கறுப்பன் என்று ஒன்றும் இல்லை. உன் முறை, நீ செய்யவில்லை, அவ்வளவுதான். 'அண்டைக்குத்தான் தம்பி நான் இஞ்ச இருக்கிறன் எண்டு எனக்கே தெரிஞ்சது' என்றார்.

விருந்தாளியை யாரும் திட்டுவதில்லை. நான் பாட்டிலைக் குப்பையில் போடப் போனபோது அந்தப் பெண் சிரித்தாளே ஒழியக் கோபப்படவில்லை. எனக்கு எட்டாமல் போன அன்றாடம் அந்தக் கோபத்தில் இருந்தது. பெர்லினில் டாக்சி ஓட்டிய பொ. கருணாகரமூர்த்தியின் 'பெர்லின் இரவுகள்' நம் பயணக் கட்டுரைகளிலிருந்து வேறுபடுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த ஊர் அவருக்குக் கூலி கொடுத்திருக்கிறது. அவரோடு சண்டை போட்டிருக்கிறது. அவர் வண்டியில் ஏறியவர்கள் அவரை முன்னிட்டுத் தங்களைத் திருத்திக்கொண்டவர்கள் இல்லை.

ஜெர்மனியைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று சில நண்பர்கள் இதற்குள் முடிவு செய்திருப்பார்கள். விருந்தாளி என்ற சொல்லை மிக மோசமாகப் பயன்படுத்திய நாடுகளில் அதுவும் ஒன்று. 1955-ல் இத்தாலியோடும் 1961-ல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தபோது அந்தத் தொழிலாளிகளுக்குப் புழக்கத்தில் வந்த பெயர் விருந்தாளித் தொழிலாளி. விருந்தாளியைச் சுரங்கத்தில் இறக்கிய விருந்தோம்பல்! இரண்டு வருஷத்தில் போய்விடுவான் என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். 1973-ல் ஆளெடுப்பு நின்றது, வந்தவர்களில் பலர் போகவில்லை, பெயரும் போகவில்லை. ரத்த வழிக் குடியுரிமை என்ற 1913-ன் சட்டம் 2000 வரை பெரிதாக அசையவில்லை. 1992-ல் ரோஸ்டோக்கில் அகதிகள் விடுதியைக் கும்பல் தாக்கியது. 1993-ல் அடைக்கல உரிமையை அரசியல் சட்டத்திலேயே குறுக்கினார்கள். குறுக்கிய சில நாட்களில் சோலிங்கனில் ஒரு துருக்கியர் வீட்டுக்குத் தீ வைத்து ஐந்து பேரைக் கொன்றார்கள், எல்லோரும் பெண்கள், சிறுமிகள். நண்பரின் மகளிடம் இன்றும் எந்த ஊர் என்று கேட்பவர்கள், டோர்ட்முண்ட் என்ற பதிலில் திருப்தி அடைவதில்லை. அதற்கு முன்னால் எந்த ஊர் என்கிறார்கள்.

சரி. எங்கள் கவுன்டருக்கு முகாமிலிருந்து ஒரு பையன் வருவான். நண்பரின் தங்கை மகன்தான். இருபத்தைந்து வயது. இங்கேயே பிறந்தவன், பேச்செல்லாம் அசல் மதுரை. புதிதாக வந்த ஓர் ஊழியர் எந்த ஊர் என்று கேட்டார். 'சிலோன்' என்றான். அந்த மண்ணை அவன் பார்த்ததில்லை. டோர்ட்முண்ட் பெண் சொல்லும் பதிலை மற்றவர்கள் நம்புவதில்லை. இவனுக்கு அப்படி ஒரு பதிலே கிடையாது.

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று மதுரையைச் சுற்றி முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு அவற்றின் பெயர் அகதிகள் முகாம் என்பதிலிருந்து மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. புதிய வீடுகள் கட்டினார்கள், உதவித்தொகையைக் கூட்டினார்கள், நல்ல காரியங்கள். மேடையில் தொப்புள்கொடி உறவு என்று சொல்லாத கட்சி இல்லை. ஆனால் அகதிகள் பற்றிய 1951-ன் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அதற்கு முன்பு, 1986-ல், மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய், மதுரைக் கிளையில் 2022-ல் சாதகமான தீர்ப்பு வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்கு இந்த வாசல் இல்லை. 2019-ன் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை.

உறவு என்ற சொல்லை நான் பரிகசிக்கவில்லை. 1983-லும் 1990-லும் படகில் வந்தவர்களுக்கு ராமேஸ்வரம் கரையில் சோறு போட்டவர்கள் காகிதம் கேட்கவில்லை. அது பெரிய விஷயம். நண்பருக்கு பெர்லினில் அப்படி ஒருவரும் சோறு போடவில்லை. என் சங்கடம் வேறு இடத்தில். விருந்தோம்பலை இவ்வளவு உயரத்தில் வைத்த பண்பாடு, விருந்து முடிவதற்கு ஒரு முறையை யோசித்ததா? விருந்தாளி ஒன்று போக வேண்டும், அல்லது வீட்டுக்காரனாக வேண்டும். நாற்பது வருஷம் விருந்தாளியாகவே ஒருவனை உட்கார வைத்திருப்பது என்ன உறவு? அவனைப் படிக்கட்டு கழுவச் சொல்லித் திட்டும் உரிமை யாருக்கும் இல்லை, ஏனெனில் படிக்கட்டில் அவனுக்குப் பங்கு இல்லை. ஜெர்மனி நண்பரை நேசித்தது என்று யாரும் சொல்ல முடியாது. பொறுத்துக்கொண்டது, அலைக்கழித்தது, கூலி வாங்க விடாமல் தடுத்தது, கடைசியில் சட்டப்படி கணக்கைத் தீர்த்தது. நாம் நேசிக்கிறோம். கணக்கு மட்டும் திறந்தே கிடக்கிறது. முகமற்ற சட்டத்துக்கும் முகம் பார்க்கும் அன்புக்கும் இடையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று புத்தகத்தில் வாதாடலாம். இந்தக் குடும்பத்துக்கு அந்த வாதம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம்.

போன வருஷம் நண்பர் மதுரைக்கு வந்திருந்தார், ஜெர்மன் பாஸ்போர்ட்டில் இந்திய விசாவோடு. வெளியார் முகாமுக்குள் போக அனுமதி வேண்டும்; அதற்கு அலைய வேண்டாம் என்று தங்கையும் மகனும் காளவாசலில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அண்ணனும் தங்கையும் என் வீட்டில் விருந்தாளிகளாகச் சந்தித்துக்கொண்டார்கள். என் மனைவி பழைய பாத்திரங்களை உள்ளே வைத்துவிட்டுப் புதியவற்றை எடுத்தாள். சாப்பிட்ட பிறகு பேச்சு குடியுரிமைப் பரீட்சைக்குப் போனது. 2008 முதல் ஜெர்மனியில் அப்படி ஒன்று நடக்கிறது: முந்நூற்றுப் பத்துக் கேள்விகளிலிருந்து 33 கேட்பார்கள், 17-க்குச் சரியாகச் சொன்னால் போதும். நண்பருக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. மனைவிக்காக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில் பாதி மனப்பாடம். கொடியின் நிறம், ஓட்டுப் போடும் வயது என்று சில கேள்விகளைச் சொல்லிக் காட்டினார். மருமகன் ஒவ்வொன்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னான், கொடியின் நிறம் உட்பட. கால்பந்து பார்க்கிறவன்.

பிறகு, 'இங்க அப்படி ஒரு பரீட்சை இருக்கா மாமா? எத்தனை கேள்வின்னாலும் படிச்சு எழுதிப்புடுவேன்' என்றான்.

நண்பர் என்னைப் பார்த்தார். அதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது, முகாமில் கணக்கெடுப்பு இருக்கிறது என்று அவன் அம்மா எழுந்துவிட்டார்.